கார் இல்லாமல் நார்தம்பர்லாந்து: ஹோலி தீவும் ஹேட்ரியன் சுவரும், ஆறு நாளில்

லண்டனிலிருந்து ஊர் சுற்றக் கிளம்பும் நம்மவர்கள் பெரும்பாலும் ரயில் டிக்கெட்டில்தான் ஆரம்பிக்கிறார்கள். மலிவாக ஒன்று கண்ணில் பட்டதும் வாங்கிவிடுவது, பிறகு அறை, கடைசியில் "அங்கே என்ன பார்க்கலாம்" என்ற தேடல். இங்கிலாந்தின் பல பகுதிகளுக்கு இந்த வரிசை ஒத்துவரும். வடகிழக்கு மூலையில் இருக்கும் நார்தம்பர்லாந்துக்கு ஒத்துவராது. அங்கே ஒரு தீவின் சாலையைக் கடல் நாளுக்கு இரண்டு முறை மூடுகிறது. கடற்பறவைகளைப் பார்க்க ஃபார்ன் தீவுகளுக்குப் போகும் படகு காற்றைக் கேட்டுத்தான் கிளம்பும். ரோமானியர்கள் கட்டிய ஹேட்ரியன் சுவருக்குப் போகும் பஸ் பருவத்தில் மட்டும் நம்பகமாக ஓடும். மூன்றும் நமக்காக நகராது. நகராதவற்றை முதலில் தாளில் எழுதிவிட்டு, மற்றதை அவற்றைச் சுற்றி அடுக்க வேண்டும்.

என் முதல் பயணத்தில் நானும் டிக்கெட்டைத்தான் முதலில் வாங்கினேன். பீல் என்ற இடத்தில் சாலை நேராகக் கடலுக்குள் இறங்குகிறது. அந்த முனையில் நின்று, எதிரே தெரிந்த தீவை ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அதற்குப் பிறகு சொந்தக்காரர்களையும் நண்பர்களையும் நான்கு முறை கூட்டிப்போயிருக்கிறேன். கீழே உள்ள வரிசை அப்படி வந்ததுதான்.

1. கடலேற்ற அட்டவணை முதலில், மற்றதெல்லாம் பிறகு

ஹோலி தீவு (பழைய பெயர் லிண்டிஸ்ஃபார்ன்) கரையோடு ஒரு தாழ்வான சாலையால் இணைந்திருக்கிறது. கடல் ஏறினால் சாலை தண்ணீருக்குள் போய்விடும். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் மூடியிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். துல்லியமான நேரத்தை நார்தம்பர்லாந்து கவுண்டி கவுன்சில் தன் இணையதளத்தில் நாள்வாரியாக வெளியிடுகிறது. பாதுகாப்பாகக் கடக்கும் நேரம் என்று தேடினால் கிடைக்கும். வேறெதையும் வாங்குவதற்கு முன் திறக்கவேண்டிய பக்கம் அது.

ஏற்றம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அதனால் இந்த வாரம் வசதியாக இருக்கும் நேரம் அடுத்த வாரம் தலைகீழாகிவிடும். பஞ்சாங்கம் பார்க்கிறவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இங்கே கடல் பிற்பகலில் ஏறும். காலையும் மாலையும் சாலை திறந்திருக்கும். அஷ்டமியை ஒட்டி நேர்மாறு: காலையில் மூடி, நடுப்பகலிலிருந்து மாலை வரை திறந்திருக்கும். மாதத்தைத் தோராயமாகத் தள்ளிப் பார்க்க இது போதும். தேதியை உறுதிசெய்ய அட்டவணைதான்.

எந்த மாதிரி நாள் வேண்டும் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். நடுப்பகலில் திறந்திருக்கும் நாள் எளிது, ஆனால் கூட்டம் முழுக்க அன்றைக்குத்தான் வரும். எனக்குப் பிடித்தது மற்றது: காலையில் கடந்துவிட்டு, சாலை மூடும்போது உள்ளேயே இருந்து, மாலையில் திறந்ததும் திரும்புவது. சாலை மூடப்போகிறது என்றதும் கார்கள் வரிசையாக வெளியேறும். அதற்கப்புறம் தெரு ஓய்ந்துவிடும்.

புதிதாக வருபவர்கள் இந்தப் படியில் மூன்று தவறு செய்கிறார்கள்.

ஒன்று, போனில் இருக்கும் ஏதோ ஒரு செயலியில் கடலேற்ற நேரத்தைப் பார்த்துவிட்டு, "மூன்று மணிக்குத்தானே ஏறுகிறது, இரண்டரை வரை போகலாம்" என்று கணக்குப் போடுவது. அந்த மூன்று மணி, தண்ணீர் உச்சத்தைத் தொடும் நேரம். சாலை அதற்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்பே முழுகிவிடும். உச்சத்துக்குப் பிறகு மூன்று மணி நேரம் போலக் கழித்துத்தான் வெளியே வரும்.

இரண்டு, கவுன்சில் போடும் நேரத்தைப் பள்ளிக்கூட மணி மாதிரி நினைப்பது. காற்று கரையை நோக்கி அடித்தால் தண்ணீர் முன்னாலேயே வரும். கடைசி அரை மணி நேரத்தை உங்களுடையதாக எண்ணாதீர்கள். சாலையோரம் உயரமான கால்களின் மேல் ஒரு வெள்ளை மரக்கூண்டு நிற்கும், படியேறிப் போகலாம். பலரும் அதைப் படம் எடுப்பதற்கான இடம் என்று நினைக்கிறார்கள். காரைக் கடலுக்குக் கொடுத்தவர்கள் ஏறி உட்காரும் இடம் அது. அப்படி மாட்டினால் 999 அழைத்து, போலீஸைக் கேட்காமல் கடலோரக் காவல் வேண்டும் என்று சொல்ல வேண்டும்.

மூன்று, மணலில் வரிசையாக நடப்பட்ட கம்பங்களைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றி இறங்கிவிடுவது. அது யாத்ரீகர் பாதை, சுமார் மூன்று மைல். அட்டவணை நேரம் வாகனங்களுக்கானது. நடப்பவர்கள் கடல் வற்றிக்கொண்டிருக்கும்போது கிளம்பி, அந்தத் திறப்பு நேரத்தின் பாதிக்குள் மறுகரை சேர்ந்துவிட வேண்டும். முதல் பயணத்தில் இதைத் தொடவேண்டாம் என்பேன்.

2. மாதம்

நான் சொல்வது ஜூன். மே கடைசி வாரம் பள்ளி விடுமுறை, ஜூலை கடைசியிலிருந்து கோடை விடுமுறை. இரண்டுக்கும் நடுவில் அறை கிடைக்கும். பஃபின் பறவைகள் ஏப்ரலில் வந்து ஜூலை முடிவதற்குள் கடலுக்குத் திரும்பிவிடும். ஆகஸ்டில் போய், "படத்தில் இருந்த பறவை எங்கே" என்று படகுக்காரரைக் கேட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் மிச்சமிருக்கும். டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டிவிடும், கோட்டைகளில் பலவும் குளிர்காலத்தில் மூடியோ, வார இறுதிகளில் மட்டும் திறந்தோ இருக்கும்.

பேங்க் ஹாலிடே திங்கட்கிழமைகளை ஒட்டிய வார இறுதிகளைத் தவிருங்கள். மூன்றே தெருவுள்ள ஊருக்குள் இங்கிலாந்தில் பாதி வந்துவிடும்.

3. இரண்டு ஊர்களில் தங்குங்கள்

வரைபடத்தில் தீவும் சுவரும் ஒரே கவுண்டியில் இருப்பதால் ஒரே அறையில் தங்கி இரண்டையும் பார்க்கலாம் என்று தோன்றும். கார் இல்லாமல் முடியாது. கடற்கரை ரயில் பாதை வடக்கே போகிறது. சுவர்ப் பக்கத்து பாதை நியூகாசிலிலிருந்து மேற்கே கார்லைலுக்குப் போகிறது. நடுவில் குறுக்கே எளிதான வழி இல்லை.

அதனால் மூன்று இரவு கடற்கரையில், இரண்டு இரவு சுவர்ப் பக்கத்து டைன் பள்ளத்தாக்கில். கடற்கரைக்கு பெரிக்-அப்பான்-ட்வீட் வசதி: ரயில் நிலையம், பஸ், கடை எல்லாம் ஒரே ஊரில். பாம்பரோவும் சீஹவுஸஸும் அழகுதான், ஆனால் ரயில் கிடையாது. எல்லாவற்றுக்கும் பஸ்ஸை நம்பவேண்டும். சுவருக்கு ஹெக்ஸம் அல்லது ஹால்ட்விசில். வயதானவர்கள் கூட இருந்தால் ஹெக்ஸம்தான் நல்லது, உணவகங்கள் அதிகம்.

ஊர்ப்பெயர்களில் கவனம். பெரிக் என்ற பெயரில் தெற்கே சஸ்ஸெக்ஸிலும் ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. நியூகாசில்-அண்டர்-லைம் என்பது ஸ்டாஃபர்ட்ஷயரில் இருக்கும் வேறு ஊர். என் நண்பர் ஒருவர் மலிவாக இருக்கிறதே என்று அங்கே அறை போட்டுவிட்டார். "நியூகாசில்" என்று மட்டும் பார்த்து எதையும் உறுதிசெய்யாதீர்கள். "அப்பான் டைன்" என்று இருக்கிறதா பாருங்கள்.

4. இப்போதுதான் ரயில்

கிங்ஸ் கிராஸிலிருந்து பெரிக்குக்கு நேர் ரயில் உண்டு, நான்கு மணி நேரத்துக்குள் கொண்டுவிடும். முன்பதிவு டிக்கெட்டுகள் பொதுவாகப் பயணத்துக்குச் சுமார் 12 வாரம் முன்பிருந்து திறக்கும். மலிவானவை முதலில் தீரும். அந்த டிக்கெட் குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டுமே செல்லும். தவறவிட்டால் அடுத்த ரயிலில் ஏறிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

போக லண்டன்–பெரிக், வர ஹெக்ஸம்–லண்டன் என்று இரண்டு ஒருவழி டிக்கெட்டாக எடுங்கள். போன இடமும் திரும்பும் இடமும் வேறு என்பதால் ரிட்டர்ன் டிக்கெட் பயன்படாது. பெரிக்கிலிருந்து ஹெக்ஸம் போகும் நடுப் பயணத்தை அன்றன்று வாங்கினாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஊரிலிருந்து பெற்றோர் வந்திருந்தால் ரெயில்கார்டை மறக்காதீர்கள். 60 வயது ஆனவர்களுக்கு சீனியர் ரெயில்கார்டு கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கும். பிரிட்டனில் வசிக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்கலாம். கணவன் மனைவியாக இருவர் போனால் டூ டுகெதர் கார்டு. வார நாட்களில் அது காலை 9.30-க்கு முன் செல்லாது. இதைக் கவனிக்காமல் எட்டு மணி ரயிலில் ஏறி முழுக் கட்டணம் கட்டியவர்கள் உண்டு. 5 முதல் 15 வயதுக் குழந்தை கூட இருந்தால் ஃபேமிலி அண்ட் ஃபிரெண்ட்ஸ் கார்டு.

ஞாயிற்றுக்கிழமையில் நீண்ட பயணம் வைக்காதீர்கள். தண்டவாள வேலை என்று சொல்லிப் பாதி வழியில் பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள்.

இருக்கை தேர்ந்தெடுக்கும்போது வடக்கே போகையில் வலப்பக்கம். ஆல்ன்மவுத் தாண்டியதும் கடல் அந்தப் பக்கம்தான் வரும். பெரிக்குக்குச் சற்று முன் ட்வீட் ஆற்றின்மேல் 28 வளைவுகள் கொண்ட பாலம், 1850-இல் திறந்தது. அங்கே ரயில் மெதுவாகும். பையை எடுக்க எழுந்திருக்காதீர்கள், நிறுத்தம் பாலத்துக்கு அப்புறம்தான்.

5. பஸ்ஸும் நுழைவுச் சீட்டும்

மூன்று பஸ் எண்களை எழுதிக்கொள்ளுங்கள். பெரிக்கிலிருந்து தீவுக்கு 477. கடற்கரையோரம் பாம்பரோ, சீஹவுஸஸ் வழியாகப் போவது எக்ஸ்18. சுவரை ஒட்டிப் போவது ஏ.டி.122, சுவர் கட்டத் தொடங்கிய கி.பி. 122-ஆம் ஆண்டுதான் பஸ்ஸுக்கு எண்ணாகிவிட்டது.

இதில் 477 தினமும் ஓடாது. ஓடும் நாளிலும் கடலைப் பொறுத்து நேரம் மாறும். நீங்கள் குறித்த தேதியில் பஸ் இல்லையென்றால் டாக்ஸிதான். பெரிக்கிலிருந்து சுமார் 13 மைல். முதல் நாளே பேசி, திரும்பும் நேரத்தையும் சொல்லிவிடுங்கள். அன்று காலையில் கூப்பிட்டால் வண்டி கிடைக்கும் என்ற நம்பிக்கை லண்டனுக்குச் சரி.

நுழைவுச் சீட்டில் பலரும் பணத்தை வீணாக்குகிறார்கள். லிண்டிஸ்ஃபார்ன் மடாலயம், சுவரில் இருக்கும் ஹவுஸ்டெட்ஸ், செஸ்டர்ஸ் கோட்டைகள், கடற்கரையில் இருக்கும் டன்ஸ்டன்பரோ கோட்டை எல்லாம் இங்கிலீஷ் ஹெரிட்டேஜ் பராமரிப்பில். வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கு அவர்கள் 9 நாள், 16 நாள் பாஸ் விற்கிறார்கள். ஊரிலிருந்து வந்தவர்களுக்கு அதை எடுக்கலாம். தீவில் இருக்கும் சிறிய கோட்டை நேஷனல் டிரஸ்ட்டுடையது. பாம்பரோ கோட்டை தனியாருடையது. சுவருக்குப் பக்கத்தில் இருக்கும் ரோமானியப் படைமுகாமான விண்டோலாண்டா ஓர் அறக்கட்டளையுடையது. ஒரு பாஸ் எடுத்தால் எல்லாக் கதவும் திறக்கும் என்று நினைக்கவேண்டாம். நீங்கள் உண்மையில் நுழையப்போகும் இடங்களைக் கூட்டிப் பார்த்துவிட்டு எடுங்கள்.

6. பையில் என்ன

காற்றைத் தடுக்கும் மேலங்கி. குடை வேண்டாம், சுவர்மேல் இருக்கும் காற்றில் அது இரண்டு நிமிடம் தாங்காது. ஜூனிலும் ஒரு ஸ்வெட்டர் வேண்டும், ஏனென்றால் இந்தக் கரையில் வெயில் நாளிலேயே கடலிலிருந்து திடீரென்று மூடுபனி ஏறும். உள்ளூரில் ஃப்ரெட் என்பார்கள். ஒரு மைல் உள்ளே வெயில், கரையில் கையை நீட்டினால் விரல் தெரியாது.

பிடிமானமுள்ள ஷூ. என் அத்தை சுவர் நடை முழுவதையும் புடவையிலேயே முடித்தார். கீழே மட்டும் என் மனைவியின் மலையேறும் ஷூ. எதிரே வந்தவர்கள் எல்லாம் அவருக்குத்தான் வணக்கம் சொன்னார்கள்.

சுவர்ப் பகுதியில் போன் சிக்னல் வரும், போகும். ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடம் ஓ.எல்.43-ஐத் தாளாக எடுத்துச் செல்லுங்கள். பஸ் நேரங்களைப் படமெடுத்து வையுங்கள்.

சாப்பாடு. பப் சமையலறைகள் மதியம் இரண்டு, இரண்டரைக்கு அடுப்பை அணைத்துவிட்டு மாலையில்தான் திரும்பப் பற்றவைக்கும். இரவில் எட்டரைக்கு மேல் சிற்றூர்களில் கேட்டால் சிப்ஸ் பாக்கெட்தான். நாங்கள் முதல் இரண்டு நாளுக்குப் புளிச்சாதமும் சப்பாத்தியும் கட்டிக்கொண்டு போவோம். சைவம் கிடைக்காது என்பதல்ல, நேரத்துக்குக் கிடைக்காது.

7. நாட்களை அடுக்குவது

முதல் நாள் பெரிக். ரயிலிலிருந்து இறங்கி அறையில் பையை வைத்துவிட்டு ஊரைச் சுற்றியுள்ள மதில்மேல் நடங்கள். ஒரு மணி நேரம், கட்டணமில்லை. கால் நீட்டியதுபோலவும் இருக்கும், பஸ் நிறுத்தம் எங்கே என்று பார்த்ததுபோலவும் இருக்கும்.

இரண்டாம் நாள் படகு, மூன்றாம் நாள் தீவு. இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. சீஹவுஸஸிலிருந்து ஃபார்ன் தீவுகளுக்குப் போகும் படகு அலை பெரிதானால் ரத்தாகும், அதுவும் அன்று காலையில்தான் தெரியும். தீவின் சாலை வானிலைக்காக அவ்வளவாக மாறாது. ஒரு நாள் முன்னே பின்னே ஆனாலும் ஐம்பது நிமிட வித்தியாசம்தான். படகை முன்னால் வைத்தால், ரத்தானாலும் மறுநாளோடு மாற்றிக்கொள்ளலாம். 477 இரண்டாம் நாள் ஓடுகிறதா என்று மட்டும் முன்பே பார்த்துவையுங்கள்.

படகு வாங்கும்போது தீவில் இறங்கும் பயணமா, சுற்றிவிட்டுத் திரும்புவதா என்று கேளுங்கள். விலையும் நேரமும் வேறு. இறங்குவதாக இருந்தால் நேஷனல் டிரஸ்ட்டுக்குத் தனிக் கட்டணம், படகு டிக்கெட்டில் அது சேராது. தொப்பி கட்டாயம். இறங்கும் தீவான இன்னர் ஃபார்னில் ஆலா என்ற கடற்பறவைகள் நடைபாதையை ஒட்டியே முட்டையிட்டிருக்கும். தலைக்கு மேல் கிரீச்சென்று கத்திக்கொண்டு வந்து உச்சந்தலையில் கொத்தும். வெறும் மிரட்டல் இல்லை, சித்தப்பாவின் வழுக்கையில் ரத்தம் வந்தது.

படகு முடிந்தபின் பாம்பரோ மூன்று மைல். கடல் வற்றியிருந்தால் மணலிலேயே நடந்து போகலாம். கோட்டைக்குள் போகாவிட்டாலும் பரவாயில்லை. கீழே கடற்கரையிலிருந்து பார்ப்பதுதான் அதற்கு அழகு. சீட்டுப் பணத்தை மிச்சம் பிடியுங்கள் என்றே சொல்வேன்.

தீவில் முதலில் மடாலயம், பிறகு கோட்டை. கோட்டை திறக்கும் நேரமும் கடலைப் பொறுத்து மாறும் என்பதால் முந்தின நாளே பாருங்கள். போகும் வழியில் பழைய மீன்பிடி படகுகளைப் பாதியாக அறுத்துக் கவிழ்த்துக் கொட்டகையாக்கியிருப்பார்கள். தார் பூசிய கறுப்பு முதுகும் அதில் ஒரு சின்னக் கதவும். மடாலயத்துக்குப் பின்னால் கரைக்கு மிக அருகே, இங்கே வாழ்ந்த துறவி புனித கத்பர்ட்டின் குட்டித் தீவு இருக்கிறது. வற்றும்போது நடந்து போகலாம், ஆனால் அதுவும் துண்டிக்கப்படும். பெரிய தீவின் நேரத்தை மனப்பாடம் செய்தவர்கள்கூட இதில் முழங்கால்வரை நனைகிறார்கள். கூட்டம் போனபிறகு அங்கே கரையில் உட்கார்ந்தால் தூரத்து மணல்திட்டிலிருந்து ஊளை மாதிரி ஒரு சத்தம் வரும். காற்று என்று நினைத்தோம். கடல்நாய்கள்.

இங்கே உருவான புகழ்பெற்ற சுவிசேஷ ஏட்டைத் தேடி அலையாதீர்கள். அது லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில்.

நான்காம் நாள் நியூகாசில் வழியாக ஹெக்ஸம். இது இடம்மாறும் நாள்; வேறெதையும் திணிக்கவேண்டாம். மாலையில் ஹெக்ஸம் தேவாலயத்தைப் பாருங்கள், அடியில் இருக்கும் நிலவறை ரோமானியக் கற்களால் கட்டியது.

8. சுவர் நாள்

ஐந்தாம் நாள். சுவர் 73 மைல் நீளம் என்பதால் எங்கே இறங்கினாலும் கண்ணில் படும் என்று நினைப்பார்கள். ஹெக்ஸம் ஊருக்குள் சுவரே கிடையாது. நிறைய இடங்களில் கல் பெயர்க்கப்பட்டு வீடும் வேலியும் ஆகிவிட்டது. பார்க்கத் தகுந்தபடி மேடேறி இறங்கும் பகுதி நடுவில்தான்.

முதல் ஏ.டி.122-ஐப் பிடித்து விண்டோலாண்டாவில் இறங்குங்கள். சுவரைவிட இதுதான் மனத்தில் நிற்கும். சுவருக்கும் முந்தைய படைமுகாம். காற்றுப்புகாத ஈரமண்ணில் மரமும் தோலும் மக்காமல் கிடைத்திருக்கின்றன: ஆயிரக்கணக்கான செருப்புகள், குழந்தைகளுடையதும் சேர்த்து. மெல்லிய மரச்சீவலில் மையால் எழுதிய கடிதங்கள். ஒருத்தி தன் பிறந்தநாளுக்குத் தோழியை வரச்சொல்லி எழுதியது. இன்னொன்று காலுறையும் உள்ளாடையும் அனுப்பியதைச் சொல்வது. கடிதங்களில் பெரும்பாலானவை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில், சில இங்கே. கோடைகாலத்தில் வார நாட்களில் போனால் தோண்டுவதையே பார்க்கலாம். இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

பிறகு த சில் என்ற பார்வையாளர் மையம். அங்கிருந்து அரை மைல் ஏறினால் ஸ்டீல் ரிக். அங்கே தொடங்கிக் கிழக்கே ஹவுஸ்டெட்ஸ் வரை சுமார் மூன்று மைல் நடை. கிழக்கு நோக்கி நடக்கச் சொல்வது, காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வருவதால், முதுகில் வாங்கலாம். மூன்று மைல்தானே என்று ஒரு மணி நேரம் ஒதுக்காதீர்கள். செங்குத்தான படிகள், இரண்டரை மணி நேரம் வையுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் பஸ்ஸிலேயே ஹவுஸ்டெட்ஸ் போய்க் காத்திருக்கலாம், ஆனால் அங்கேயும் நிறுத்தத்திலிருந்து கோட்டைக்கு ஓர் ஏற்றம் உண்டு.

வழியில் இரண்டு மேடுகளுக்கு நடுவே ஒரு பள்ளம் வரும். படங்களில் நீங்கள் பார்த்திருக்கும் தனிமரம் அங்கேதான் இருந்தது. 2023 செப்டம்பரில் அதை இரவோடிரவாக அறுத்துவிட்டார்கள். அடிக்கட்டையிலிருந்து துளிர் விட்டிருக்கிறது.

சுவர்மேல் ஏறி நடக்காதீர்கள், கல் பெயரும். கன்றோடு நிற்கும் மாடுகளுக்கு நல்ல இடைவெளி விடுங்கள். ஹவுஸ்டெட்ஸில் கீழ்க்கோடியில் இருக்கும் பொதுக் கழிப்பிடத்தை விடாமல் பாருங்கள், குழந்தைகள் அதைத்தான் ஊரில் போய்ச் சொல்லும்.

கடைசி பஸ்ஸுக்கு முந்தைய பஸ்ஸைத்தான் உங்கள் பஸ்ஸாக வைத்துக்கொள்ளுங்கள். அது போய்விட்டாலும் இன்னொன்று இருக்கும். கடைசி பஸ்ஸையே குறிவைத்துத் தவறவிட்டால் அந்தச் சாலையில் வேறு வழி கிடையாது.

9. திரும்பும் நாள்

ஆறாம் நாள் காலை ஹெக்ஸமிலிருந்து நியூகாசில். அங்கே லண்டன் ரயிலுக்கு முக்கால் மணி நேரமாவது இடைவெளி விட்டு டிக்கெட் எடுங்கள். இம்முறை இடப்பக்கம் உட்காருங்கள். டர்ஹாமில் ரயில் உயரமான பாலத்தின்மேல் போகும். எதிர்மேட்டில் பேராலயம் முழுசாகத் தெரியும். நியூகாசிலிலிருந்து பத்துப் பதினைந்து நிமிடத்தில் வந்துவிடும். காபி வாங்க எழுந்துபோவதாக இருந்தால் அதற்கப்புறம் போங்கள்.